வரிப்பணத்துத் தண்ணீர்

நகராட்சி நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவளை ஊரில் எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் கழுத்தில் அந்த விசில் தொங்கும். கணவர் ஒருமுறை, "இன்னைக்கு ஒரு நாளாவது அதைக் கழட்டி வெச்சிட்டு வாயேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். "ஏன், நீங்க எடுத்து மாட்டிக்கிறதுக்கா?" என்று கேட்டாள். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொள்ளத்தான் வேண்டும். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை.

அவள் பாடம் நடத்துகிற விதமே தனி. புதிதாகச் சேர்ந்த பிள்ளையை முதல் வாரம் தண்ணீரில் இறங்கவே விடமாட்டாள். கரையில் மரப்பெஞ்சு போட்டிருக்கும். அதன்மேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதில் முகத்தை முக்கி மூச்சை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி மூச்சை வாங்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பெற்றோர், "என்னக்கா, கட்டை மேல நீச்சல் அடிக்கவா சேர்த்தோம்?" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

விசிலுக்கும் சட்டம் உண்டு. நீளமாக ஒரு தடவை ஊதினால் குதிக்க வேண்டும். விட்டுவிட்டு இரண்டு தடவை ஊதினால் வெளியே வர வேண்டும். விசில் வருவதற்கு முன்னால் யார் தள்ளினாலும் இறங்கக் கூடாது. விசில் வந்துவிட்டால் யார் தடுத்தாலும் நிற்கக் கூடாது. வெளியே வருவதற்கும் அதே சட்டம்தான். பெற்ற தாயே கரையில் நின்று கூப்பிட்டாலும், இரண்டாவது விசில் கேட்காமல் ஒரு பிள்ளையும் ஏறி வராது.

இத்தனை கண்டிப்பும் வெறும் பிடிவாதம் இல்லை. ஊரைச் சுற்றிக் கால்வாய் ஓடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் வருவதும் அதன் கரையில்தான். மதகைத் திறந்துவிட்டால் பெரிய ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அந்த ஊரில் நீந்தத் தெரிவது தெருவைக் கடக்கத் தெரிவது மாதிரி.

விசிலக்காவும் இதே குளத்தில் கற்றுக்கொண்டவள்தான். அப்பா மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டை கொடுப்பார்கள். மேடையில் ஏறி, சட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, கொடுத்தவரைக் கும்பிட்டு, புகைப்படத்துக்குச் சிரிக்க வேண்டும். ஒரு வருடம் படம் சரியாக விழவில்லை என்று அவளை மட்டும் மறுபடி மேடையேற்றி மறுபடி கும்பிடச் சொன்னார்கள். கீழே இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சட்டையை அவள் ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை.

குளத்தில் அப்படி எதுவும் கிடையாது. வாசலில் யாரும் யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. டாக்டர் பெண்ணும் மூட்டைக்காரர் பெண்ணும் ஒரே வாளியில் முகத்தை முக்கினார்கள். யாருக்கும் கடமைப்படாமல் தனக்குக் கிடைத்த முதல் பொருள் தண்ணீர்தான் என்று அவள் சொல்வாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரக்கும். உடனே யாரையாவது திட்டிச் சமாளித்துக்கொள்வாள்.

கணவர் ஆணிக்கடைக்காரர். ஆணி, பூட்டு, பெயின்ட், குழாய் எல்லாம் விற்கிற கடை. நல்ல மனிதர், கைச்சுத்தம். ஆனால் வணிகர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து நடையே மாறிவிட்டது. அந்த வருடம் அரசாங்கம் வியாபாரிகளுக்கு வரியைக் குறைத்தது. கையோடு சங்கத்தார் ஊர்வலமாக நகராட்சிக்குப் போனார்கள். அரசாங்கமே குறைத்தாயிற்று, நீங்களும் கடைவரியைக் குறையுங்கள் என்று மனு கொடுத்தார்கள். நகராட்சி சபையும் பாதியாகக் குறைத்தது. மனுவை எழுதியது ஆணிக்கடைக்காரர்தான். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, விசிலக்காவும் சந்தோஷப்பட்டாள். மிச்சமான பணத்தில் கூடத்துக்குப் புது மின்விசிறி வந்தது. பழையது கடகடவென்று பேசிக்கொண்டே சுற்றும். புதியது சத்தமே போடாது. அதன் கீழே உட்கார்ந்து இருவரும் டீ குடித்தார்கள்.

மின்விசிறி வந்து அதிக நாள் ஆகவில்லை. நகராட்சி ஆணையர் அவளை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆணையர் கெட்டவர் இல்லை. தூக்கம் கெட்டவர் மாதிரி இருந்தார். நாற்காலியைக் காட்டிவிட்டு, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"நாடு வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே புதுசா கடன் வாங்கிட்டிருக்காங்கம்மா. அதனால மேலேருந்து நமக்கு வர்ற மானியத்தை வெட்டிட்டாங்க. கடைவரியும் பாதியாப் போச்சு. குளத்துக்குத் தண்ணி, கரண்ட், மருந்துப் பொடின்னு எங்கேருந்து எடுப்பேன்? குடிதண்ணியையா நிறுத்த முடியும்?"

"அதுக்கு?"

"குளத்தை மூடிட்டு, இடத்தை வண்டி நிறுத்தக் குத்தகைக்கு விடலாம்னு யோசனை."

அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஆபத்து என்று ஆணையருக்குத் தெரியாது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார்.

"இன்னைக்குப் பொறக்குற ஒவ்வொரு குழந்தையும் தலையில கடனோடதான் பொறக்குது. அந்தக் குழந்தைங்களுக்காகத்தாம்மா செலவைக் குறைக்கிறோம்."

"வரியைக் குறைக்கும்போது அந்தக் குழந்தைங்க ஞாபகம் வரலையா சார்?"

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் கையில இல்லம்மா."

"வர்ற பணத்தை நீங்களே குறைச்சுக்குவீங்க. துண்டு விழுந்துச்சுன்னு கடன் வாங்குவீங்க. கடன் ஏறிப்போச்சுன்னு புள்ளைங்க தண்ணியைப் புடுங்குவீங்க. அதையும் அவங்க நல்லதுக்குன்னு அவங்ககிட்டயே சொல்லுவீங்க. யார் காதுல சார் பூ சுத்துறீங்க?"

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பிறப்பு இறப்புப் பதிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு. நிழல்ல உக்காந்து செய்யற வேலை."

விசிலக்கா எழுந்துவிட்டாள். "நீந்தத் தெரியாத புள்ளைங்க பேரை எந்தப் பக்கம் எழுதணும்னு நீங்களே முடிவு பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தண்ணீரை வடித்துவிட்டார்கள். வற்றிய குளத்தை அவள் அதற்கு முன்னால் சுத்தம் செய்யும் நாட்களில்தான் பார்த்திருக்கிறாள். வெளிறிப்போன நீல ஓடுகள், மூலையில் சருகு, ஆழப்பக்கத்தில் ஒரு குழந்தைச் செருப்பு. பேசினால் எதிரொலித்தது. மோட்டார் அறையைப் பூட்டியவர்கள் வெளிக் கதவைப் பூட்ட மறந்தார்களா, பூட்ட மனம் வரவில்லையா என்று தெரியாது.

அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு விசில் கேட்டது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விசிலக்கா பெஞ்சுகளை வற்றிய குளத்துக்குள்ளே இறக்கிப் போட்டிருந்தாள். பிள்ளைகள் அவற்றின்மேல் குப்புறப் படுத்துக் கைகால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, எப்ப தண்ணி வரும்?" என்று ஒரு சிறுமி வாளியிலிருந்து முகத்தை எடுத்துக் கேட்டாள்.

"வரும். வர்றப்ப உனக்கு மூச்சுவிடத் தெரிஞ்சிருக்கணும். முக்கு முகத்தை."

தினமும் நடந்தது. ஆணையர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு பெஞ்சுக் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். பலரால் சிரிக்க முடியவில்லை.

ஆணிக்கடைக்காரருக்குத்தான் தர்மசங்கடம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆணி வாங்குவதற்கு முன்னால் அவர் மனைவியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் யோசித்துப் பார்த்து, சங்கத்தைக் கூட்டி, தனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே பெருமை தாங்கவில்லை.

"இந்தா பாரு, உன் பிரச்சினை தீர்ந்துச்சு. குளத்துச் செலவைச் சங்கமே ஏத்துக்குது. நன்கொடை. வாசல்ல ஒரு பலகை, அவ்வளவுதான். திறக்குற அன்னைக்குப் புள்ளைங்க வரிசையா வந்து கும்பிட்டு நன்றி சொல்லணும். படம் எடுக்கறவருக்குக்கூடச் சொல்லியாச்சு."

விசிலக்கா சுவரருகே போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தற? புழுங்குதே."

"புழுங்கட்டும். உங்க நன்கொடை வேணாம். உங்க வரி வேணும்."

"ரெண்டும் ஒரே பாக்கெட்லேருந்துதானடி வருது!"

"பாக்கெட் ஒண்ணுதாங்க. ஆனா நன்கொடைன்னா நீங்க குடுக்கறவரு, அந்தப் புள்ளைங்க கை நீட்டறவங்க. இந்த வருஷம் மனசு இருக்கும், குடுப்பீங்க. அடுத்த வருஷம் வியாபாரம் டல்லுன்னு கையை விரிப்பீங்க. ஏன்னு கேக்க முடியுமா? வரின்னா கேக்கலாம். சண்டை போட்டுக் கேக்கலாம்."

"நல்லது செய்ய வந்தவனை இப்படி விரட்டற பொம்பளைய நான் பார்த்ததே இல்ல."

"நாலு பேர் முன்னாடி கும்பிட வெச்சுக் குடுத்த சட்டையை நீங்க வாங்கினதில்ல. நான் மேடை ஏறினவ. அதை என் புள்ளைங்களுக்கு நான் செய்ய மாட்டேன்."

அதற்குப் பிறகு அந்த மின்விசிறியை அவள் போடவே விடவில்லை.

சங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் முதலில் பெயர்ப்பலகை தயாராகிவிடும், காரியம் பிறகுதான். சம்மதம் வருவதற்கு முன்பே பலகை எழுதிக் குளத்து வாசலில் வந்து இறங்கிவிட்டது. நல்ல நீளமான, கனமான மரப்பலகை. கொடையாளிகள் பெயர்கள் சிவப்பு எழுத்தில் வரிசையாக. முதல் பெயர் ஆணிக்கடைக்காரருடையது. பெயின்டும் அவர் கடை பெயின்ட்தான்.

விசிலக்கா பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பெஞ்சு போதாமல் இருந்தது. பலகையை உள்ளே இறக்கி, செங்கல் அடுக்கி, அதன்மேல் போட்டாள். எழுத்து மேல்பக்கம்.

"படுங்க. ஆளுக்கொரு இடம். காலை நல்லா அடிங்க."

பிள்ளைகள் போட்ட சட்டையோடு வயிறு தேயத் தேய நீந்தினார்கள். ஆணிக்கடைக்காரர் கடைப் பெயின்ட் காய்வதற்கு நாளாகும். வெயில் பட்டால் இளகவும் செய்யும். அது அவளுக்குத் தெரியுமா என்றால், இத்தனை வருடம் அந்தக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனவளுக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மறுநாள் காலை ஆணிக்கடை வாசலில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். கையில் பிள்ளைகளின் சட்டைகள். ஒவ்வொரு சட்டையின் நெஞ்சிலும் சிவப்பாக, இடவலம் மாறி, கொடையாளிகளின் பெயர்கள். எல்லோருக்கும் முன்னால் தையற்கார அம்மாள் நின்றாள். மகன் சட்டையைக் கல்லாமேல் விரித்தாள்.

"துவைச்சுப் பார்த்துட்டேன் அண்ணே, போக மாட்டேங்குது."

"அது நல்ல பெயின்ட்மா. அவ்வளவு லேசுல போகாது." வியாபாரி வாய், தன்னையறியாமல் வந்துவிட்டது.

"ஆமா, அப்படிச் சொல்லித்தான எனக்கே வித்தீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் துணிக்குக் காசு கேட்டு வரல. எனக்குத் தைக்கத் தெரியும், வேற தைச்சுக்குவேன். எம்புள்ள நெஞ்சுல உங்க பேரு எதுக்குன்னு கேட்கத்தான் வந்தேன். அவனை என்ன, விலைக்கு வாங்கிட்டீங்களா?"

அந்தச் சட்டையை அவள் கல்லாமேலேயே விட்டுவிட்டுப் போனாள். பகல் முழுக்க ஆணிக்கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தார். மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தார். மாலையில் அதை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்து, நிறுத்திவைத்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் என்னைப் பார்த்தா கும்பிடுவானா, ஒளிஞ்சுக்குவானா?" என்று கேட்டார்.

"ரெண்டுமே எனக்குப் புடிக்காது" என்றாள் விசிலக்கா.

மறுநாள் காலை அவர் நேராக நகராட்சிக் கவுன்ட்டருக்குப் போனார். கடைவரியைப் பழைய கணக்குக்கே கட்டுகிறேன் என்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் அவரைக் கவலையோடு பார்த்தாள்.

"அண்ணே, உடம்பு எதாவது சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாங்கிக்கம்மா."

"குறைச்ச வரிக்கு மேல கம்ப்யூட்டர் எடுக்காதுண்ணே. கையால வாங்கினா ஆடிட்ல என் தலை உருளும்."

"குறைக்கச் சொல்லி வந்தப்போ டீ வாங்கிக் குடுத்து மனுவை வாங்கினீங்க. கட்டறேன்னு வந்தா வாங்க ஒரு ஆள் இல்லையா இந்த ஆபீஸ்ல?" பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆணிக்கடைக்காரர் நகரவில்லை. மனைவியோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் அவருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணையரே வெளியே வந்தார். சபை தீர்மானம் போட்டால்தான் வரியை ஏற்ற முடியும், அதற்கு யாராவது மனுக் கொடுக்க வேண்டும், தன் சர்வீஸில் வரியை ஏற்றச் சொல்லி யாரும் மனுக் கொடுத்ததில்லை என்றார்.

"பேப்பர் குடுங்க" என்றார் ஆணிக்கடைக்காரர்.

சங்கக் கூட்டத்தில் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் மேசையைத் தட்டினார். "பொண்டாட்டி விசில் ஊதினா நீ குதிப்ப. நாங்களும் குதிக்கணுமா?"

"நன்கொடை குடுக்கத் தயாரா இருந்தீங்களே, அதே பணம்தான்" என்றார் ஆணிக்கடைக்காரர். "பேரு மட்டும்தான் இருக்காது. அப்போ இத்தனை நாள் பேருக்காகத்தான் குடுக்கறதா இருந்தோமா? எனக்கு வெட்கமா இருக்குய்யா. அந்தப் பலகையில முதல் பேரு என்னுது."

ஜவுளிக்கடைக்காரர் எழுந்து போனார். அவரோடு கொஞ்சம் பேர் போனார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். தாய்மார்கள் அந்தச் சட்டைகளையே போட்டுப் பிள்ளைகளைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. உறுப்பினர்கள் பேசும்போதெல்லாம் எதிரில் இடவலம் மாறிய சிவப்பு எழுத்துகள் தெரிந்தன. குறைத்த கடைவரியில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றுவது, அது குளத்துக்கு, ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தீர்மானம் மயிரிழையில் தப்பிப் பிழைத்தது.

நாட்டுக் கடன் அதனால் ஒரு நூல்கூடக் குறையவில்லை. மேலே வட்டிக்கு வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் மோட்டார் அறையைத் திறந்தார்கள். முதல் தண்ணீர் குழாயில் இருமிக்கொண்டே வந்தபோது விசிலக்கா ஆழப்பக்கம் போய் நின்று அழுதாள். பக்கத்தில் வந்த கணவரிடம், கண்ணில் மருந்துப் பொடி பட்டுவிட்டது என்றாள். இன்னும் பொடியே போடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

திறப்பு விழாவுக்கு நகராட்சித் தலைவர் வந்தார். சபையில் தீர்மானத்தை எதிர்த்துக் கைதூக்கிய அதே தலைவர். பந்தல், ஒலிபெருக்கி, முன்வரிசையில் நாற்காலிகள், படம் எடுக்கிறவர். பிள்ளைகள் நீச்சல் உடையில் கரையோரம் வரிசையாக நின்றார்கள். தலைவர் விஸ்தாரமாகப் பேசினார். நாட்டின் கடன் சுமையைப் பேசினார், சிக்கனத்தைப் பேசினார், அத்தனை நெருக்கடியிலும் தாம் இந்தப் பிள்ளைகளுக்கு மனமுவந்து அளித்த பரிசு இது என்றார். வெயில் ஏறியது. பிள்ளைகள் கால்மாற்றி நின்றார்கள்.

ஆணையர் விசிலக்காவின் பக்கம் சாய்ந்து, "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்கம்மா" என்றார்.

"நானும் பல்லைக் கடிச்சிட்டுத்தான் சார் நிக்கறேன்."

தலைவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இப்ப எல்லாரும் கையைக் கூப்பி, ஒரே குரல்ல எனக்கு என்ன சொல்லணும்?"

படம் எடுக்கிறவர் முன்னால் வந்து குந்தினார். சில பிள்ளைகளின் கைகள் பாதி உயர்ந்தன. வாளியில் முகம் முக்கிய அந்தச் சிறுமி மட்டும் கையை உயர்த்தாமல் விசிலக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

விசிலக்கா ஊதினாள். நீளமாக, ஒரு தடவை.

அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகக் குதித்தார்கள். எழும்பிய தண்ணீர் முன்வரிசையை மொத்தமாக நனைத்தது. தலைவரின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கிவிட்டது. ஆணிக்கடைக்காரர் தலையிலிருந்து சொட்டச் சொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னம்மா இது?" தலைவர் கத்தினார்.

"தண்ணி சார். ஊர்க்காரங்க கட்டின வரியில வந்த தண்ணி. இதுல யாருக்கு யாரு நன்றி சொல்லணும்?"

"அடுத்த வருஷம் இந்தத் தீர்மானம் எப்படி வருதுன்னு நான் பாக்கறேன்."

"பாருங்க. நாங்களும் வருவோம். பெஞ்சு அப்படியேதான் இருக்கு."

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சு பாதியில் நிற்கிறது, படமும் எடுக்கவில்லை. "சரி சரி, முதல்ல புள்ளைங்களை வெளிய வரச் சொல்லுங்க" என்றார். ஆணையர் கரைக்கு ஓடிக் கைகாட்டிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. தையற்கார அம்மாளின் மகன் ஆழப்பக்கம்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். அந்தச் சிறுமி ஆழமில்லாத பக்கத்தில் முகத்தை முக்கி, திருப்பி, சொல்லிக்கொடுத்த மாதிரியே மூச்சு வாங்கினாள்.

எல்லோரும் விசிலக்காவைப் பார்த்தார்கள். அவள் விசிலை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளை மடித்து வண்டியில் ஏற்றும்வரை அவள் ஊதவில்லை.